பொட்டு வைத்த கம்பிக்கயிறு

அந்த மனிதரோடு இரண்டு வருடம் வேலை செய்தேன். அந்த இரண்டு வருடத்தில் ஐந்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூட்டைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, கிரேன் பக்கமிருந்து ஓர் ஆரஞ்சு நிறச் சட்டை விறுவிறுவென்று வரும்.

"தங்கச்சி, பூட்டிறாத. அந்தப் பன்னண்டாம் நம்பர் ஸ்லிங்க இன்னொரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்."

"காலைலதான பாத்தீங்க?"

"காலைல பாத்தது காலைல உள்ளதும்மா. அதுக்கப்புறம் நாலு தடவ தூக்கிருச்சுல்ல."

என் மகள் டியூஷன் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். கணவர் சிங்கப்பூரில் வேலை முடித்து எல்லைப் பாலம் தாண்டி வீடு சேர ஒன்பது மணி ஆகும். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். அவர் ஸ்லிங்கை இறக்கி, நிலத்தில் நீட்டிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

குலாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை அழித்து டேட்டா சென்டர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு கண்டெய்னர்தான் என் ஸ்டோர். எடை தூக்கும் சாமான்கள் எல்லாம் என் பொறுப்பு. கம்பிக்கயிறுகளை ஸ்லிங் என்போம். அதைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம் ஷேக்கிள். இரண்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவர் அந்த வேலைக்கு சூப்பர்வைசர். கிரேன் எதைத் தூக்கினாலும் எந்தக் கயிற்றில் தூக்குவது, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுகிறவர். கையெழுத்துப் போட்ட பிறகும் முடிவு செய்துகொண்டே இருப்பார், அதுதான் தொல்லை.

பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பழைய பனியன் துணி தொங்கும். ஸ்லிங்கை அந்தத் துணியால் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீவிக்கொண்டே போவார். திரித்த எஃகுக் கம்பிகளில் ஒன்று அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அன்றைக்கு அந்த ஸ்லிங்குக்கு ஆயுள் முடிந்தது. அதே துணியால் முகத்தையும் துடைத்துக்கொள்வார். எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

நாங்கள் குலாயில் புது வீட்டுக்குப் போனபோது கிரகப்பிரவேசத்துக்கு அவரையும் அழைத்திருந்தேன். பாலோவிலிருந்து என் அம்மா வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இவர் வாசல் படியிலேயே நின்று மேலே பார்த்தார். மின்விசிறி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். "கொஞ்சம் எந்திரிங்கம்மா, நீங்களும் நகருங்க சார்" என்று பந்தியையே கிளப்பிவிட்டார். ஏணி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

"அலமாக், யாருடி இந்த ஆளு?" என்று என் சித்தி என் காதில் கேட்டாள்.

மேலே கொக்கியில் முறுக்காணி பாதிதான் ஏறியிருந்தது. அதை முறுக்கிவிட்டு இறங்கி, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். விசிறிக்கு நேர் கீழே இல்லை, சுவரோரமாக. அவர் முறுக்கிய விசிறியின் கீழேயே அவர் உட்காரமாட்டார்.

இன்னொரு முறை, பெக்கோக்கில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு என்று சனிக்கிழமை மதியம் கிளம்பினார். யோங் பெங் வரை போனவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு சைட்டுக்கு வந்துவிட்டார். செயின் பிளாக் என்னும் சங்கிலிக் கப்பியில் தொங்கிய குழாயை இறக்கிவைத்தோமா இல்லையா என்று சந்தேகம். காவலாளி கதவைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். குழாய் ஒழுங்காகத் தரையில் கிடந்தது. விசேஷத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம். திங்கட்கிழமை நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன் போட்டு வாட்ச்மேன் கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே?"

"அவரு பாத்துட்டு சரியா இருக்குன்னுதான் சொல்வாரு. எதப் பாக்கணும்னு அவருக்குத் தெரியாதும்மா."

சைட்டில் அவரைப் பற்றிக் கதை கட்டியிருந்தார்கள். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருந்தபோது அவர் கண்ணெதிரே சுமை விழுந்து ஓர் ஆள் செத்துவிட்டான், அதிலிருந்துதான் இப்படி என்று. எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"யாரும் சாகலம்மா," என்றார். "இருவது வருசமா என் கையில ஒரு ஆளுக்கு நகம்கூட பேரல. அதான் எனக்குப் பயம். அதுல எத்தன என் புத்தியால தப்பிச்சது, எத்தன சும்மா தப்பிச்சதுன்னு எனக்குத் தெரியாதுல்ல."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தேநீர் பாதிக் குவளை அப்படியே இருந்தது. அவர் எதையும் உட்கார்ந்து முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. அவரோடு பத்து நிமிடம் பேசினால் நமக்கும் கால் தரையில் பாவாது. வீட்டுக்குப் போய் கேஸ் அடுப்பை மூன்று தடவை திருகிப் பார்ப்பேன். அந்த எரிச்சலும் அவர் மேல்தான் திரும்பும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சொல்லாமல் தள்ளிப்போட எனக்கும் நன்றாகத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஸ்லிங்கையும் சோதிப்போம். தேறியவற்றின் முனையில் இருக்கும் உலோகப் பூணில் அந்தப் பருவத்துக்கான நிறத்தைப் பூசுவோம். செப்டம்பர் வரை பச்சை, அக்டோபர் பிறந்தால் மஞ்சள். புது நிறம் இல்லாத ஸ்லிங்கை யாரும் தொடக்கூடாது. தேறாதவற்றுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த இரும்புக் கூண்டில் போட்டுப் பூட்டுவோம். பிறகு அவற்றை வெட்டிப் போடவேண்டும். வெட்டினால் நெருப்புப் பொறி பறக்கும், அதற்குத் தனி பர்மிட் வேண்டும். அந்த அக்டோபரில் பர்மிட் வரத் தாமதமானது. இரண்டு ஸ்லிங்குகள் கூண்டில் கிடந்தன.

அதே வாரம் ஆயுத பூஜை. ஸ்டோர் வாசலில் தார்ப்பாய் விரித்து ஸ்லிங், ஷேக்கிள், செயின் பிளாக் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தோம். நான் மஞ்சளும் சந்தனமும் குழைத்து ஒவ்வொன்றின் பூணிலும் தீற்றி, அதன் மேல் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். அவர் கூண்டைத் திறந்து அந்த இரண்டு ஸ்லிங்கையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து வரிசைக் கடைசியில் கிடத்தினார். சிவப்புச் சீட்டுகளை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கழிச்சுப் போட்டதுக்குமா வைக்கணும்?" என்று கேட்டேன்.

"வையும்மா. அதுவும் உழைச்சதுதான. பூஜையில ஒன்ன மட்டும் ஒதுக்குனா நல்லாருக்காது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டுக்கும் தாராளமாகவே பூசினேன். கற்பூரம் காட்டினோம், சுண்டலும் பொரியும் கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் அவரை மறுநாள் வேலை பற்றிப் பேச அழைத்தார். அவர் போய்விட்டார். எடுத்துவைக்கும்போது யாரோ எல்லாவற்றையும் ஒன்றாகவே அலமாரியில் மாட்டிவிட்டார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன். எல்லா முனையும் ஒரே மஞ்சளாக இருந்தது. கூண்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதைவிட அதிசயம், யோங் பெங்கிலிருந்து திரும்பி வந்த அந்த மனிதருக்கும் அன்று மாலை தோன்றவில்லை.

மறுநாள் காலை வானம் மூடிக்கிடந்தது. குளிரூட்டும் இயந்திரம் ஒன்றை மொட்டைமாடிக்கு ஏற்றவேண்டும். ஒரு லாரி அளவு இருக்கும். மேலே அதைப் பிடித்து உட்காரவைக்க ஐந்து பேர் காத்திருந்தார்கள், ஐந்து பேரும் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். நான்கு ஸ்லிங் எடுத்துப் போனார்கள். அவர் வழக்கம்போலத் துணியைச் சுற்றி நான்கையும் நீவினார். ஆனால் பூணுக்கு ஒரு சாண் முன்னாலேயே துணியை எடுத்துவிட்டார். நானே பார்த்தேன். முதல்நாள் சாமிக்கு வைத்த பொட்டு, அதைத் துடைத்து அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டார். கிரேன் தூக்கியது.

நான் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் மூன்று மாடி உயரம் ஏறி, மொட்டைமாடி விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் அந்த ஐந்து பேர் தலைக்கு மேல் வந்துவிடும். அவர் கீழே, தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது. துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், கயிற்றில் வழிந்திருந்த சந்தனம் அதில் ஒட்டியிருக்கவேண்டும். பிறகு முதல்நாள் போட்டிருந்த அதே சட்டையின் பையில் கையை விட்டார். இரண்டு சிவப்புச் சீட்டுகள் வெளியே வந்தன.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அப்போதும் புரியவில்லை. திரும்பி அலமாரியைப் பார்த்து, பின்னால் ஓடிப்போய்த் திறந்து கிடந்த வெறும் கூண்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"நிறுத்துங்க. அப்படியே நிறுத்துங்க," என்று வாக்கி டாக்கியில் மலாயில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. மேலே இருந்தவர்களைப் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகச் சொன்னார். கீழே எல்லாரையும் இன்னும் தள்ளிப் போகச் சொன்னார். கிரேன் ஓட்டிய மலாய்க்காரர் காரணம் கேட்கவில்லை, நல்ல மனிதர். இயந்திரத்தைக் கட்டடத்தை விட்டு விலக்கி, வெறும் மண்ணின் மேல் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் முழுக்க அவர் ஓர் அடி அசையவில்லை. சைகை காட்டிய கை மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

இயந்திரம் தரையில் உட்கார்ந்தது. அவர் போய்க் கட்டைவிரலால் ஒரு ஸ்லிங்கின் பூணிலிருந்த மஞ்சளை வழித்தார். கீழே பழைய பச்சை. பூணை ஒட்டியே ஏழெட்டுக் கம்பிகள் அறுந்து நின்றன. இன்னொன்றிலும் அதே கதை.

"தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு, விடுங்க லா அண்ணே," என்றார்கள் எங்கள் ஆட்கள். மேனேஜரும் வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னார். ஸ்லிங்கை மாற்றுங்கள், இயந்திரத்தை ஏற்றுங்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. மாற்றி ஏற்றினார்கள். ஆனால் அவர் மாலை நான்கு மணிக்கு என் ஸ்டோருக்கு வந்து, ஒரு தாளை மேசையில் விரித்து எழுத ஆரம்பித்தார்.

கூண்டைத் திறந்தது நான், சீட்டை அவிழ்த்தது நான், பொட்டு அழியும் என்று முழுசாகச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்று எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி, ஸ்டோர் பொறுப்பாளர் என் கண்ணெதிரேதான் மஞ்சள் பூசினார், கழித்தவை என்று அவருக்கும் தெரியும் என்று. அந்த வரிக்கு அடியிலேயே என் பெயரையும் எழுதியிருந்தார்.

"அண்ணே, இந்த வரிய எடுத்துருங்க."

"எடுத்தா, மஞ்ச எப்படி வந்துச்சுன்னு எழுத முடியாதும்மா."

"எனக்கு வேல போயிரும்ணே. பாப்பா ஸ்கூல் பக்கத்துல இந்த ஒரு வேலதான் கெடச்சுச்சு. எத்தன வருசம் குளுவாங் பேக்டரியில நைட் ஷிப்ட் பாத்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல."

"மேல என் பேருதான இருக்கு. உனக்கு ஒன்னும் வராது." தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இங்க நடந்தது நாளைக்கு இன்னொரு சைட்டுலயும் நடக்கும். எல்லா எடத்துலயும் நம்ம ஆளுங்க பூஜை போடுறோம். எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான அவங்க பாப்பாங்க."

எங்கள் ஆட்கள் அவரிடம் சண்டைக்கே போனார்கள். சாமி கும்பிட்டதைக் குற்றம் என்று எழுதுவாயா, இனி சைட்டில் பூஜை நடத்த விடுவார்களா என்று கேட்டார்கள். அவர் போய் இன்னொரு முறை கூண்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அவர் என் பக்கத்து நாற்காலியில், முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அந்த வரியைத் தொட்டுக் காட்டி என்னிடம் மலாயில் கேட்டார்: இவர் கூண்டிலிருந்து எடுத்ததை நீ பார்த்தாயா? கழித்த சாமான் என்று உனக்குத் தெரியுமா?

தெரியாது என்றேன். பார்க்கவில்லை என்றேன். வரிசையில் வைத்ததற்கெல்லாம் பொட்டு வைத்தேன், அவ்வளவுதான் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நீ என்ன சொல்கிறாய்? வரியை மாற்றுகிறாயா?" என்று மேனேஜர் அவரிடம் கேட்டார்.

"நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் கையெழுத்துப் போட்டுச் சாமான் ஒப்படைக்க வந்தார். நான் கணக்குப் புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அந்த இரண்டு ஸ்லிங்கையும் விசாரணைக்கு வேண்டும் என்று டேப் சுற்றிக் கூண்டில் வைத்தார்கள். விசாரணை என்று யாரும் வரவில்லை. நான் தினமும் சரியாக ஐந்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டினேன். மகள் டியூஷன் வாசலில் காத்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பேன். என்ன ஆச்சு என்று கணவர் கேட்டால் எரிந்து விழுவேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு மதியம் அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. இரண்டு முறை அடித்து ஓயவிட்டேன். மூன்றாவது முறை எடுத்தேன்.

"தங்கச்சி, வேலையா இருக்கியா? நான் மெர்சிங்ல இருக்கேன், படகுத் துறையில ஒரு சின்ன வேல." பின்னால் காற்று இரைந்தது. "ஒன்னுமில்ல, அந்த ரெண்டு ஸ்லிங்கையும் வெட்டியாச்சா?"

"வெட்டியாச்சுண்ணே."

"நீ பாத்தியா?"

வாய்வரை வந்த பதிலை என்னால் சொல்ல முடியவில்லை.

"பாக்கலண்ணே."

"ஜனவரி வருதும்மா. கலர் மாத்துவாங்க. புதுசா வர்ற ஆளு கூண்ட ஒதுங்க வைக்கிறேன்னு எடுத்து வெளிய போட்டா என்ன பண்றது? போய்ப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதில் வைத்தபடியே பின்னால் போனேன். இரண்டும் கிடந்தன. டேப் வெயிலில் உரிந்துபோயிருந்தது, என் மஞ்சள் காய்ந்து பழுப்பாகியிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. இரண்டையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு, பர்மிட் வாங்கி இரும்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். வெல்டர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கிரைண்டரைப் போட்டார். பொறி பறந்தது. முதல் ஸ்லிங் இரண்டாக விழுந்தது.

"ஒன்னு முடிஞ்சிருச்சுண்ணே," என்றேன். "அண்ணே, அன்னிக்கு அந்த ரூம்ல நான் பொய் சொன்னேன்."

"தெரியும்மா," என்றார். "ரெண்டாவதையும் வெட்டச் சொல்லு."